தோடம்பழ மாதா

என்னில் என்ன குறை என்று என் மனுசனிடம் கேட்டால், யோசிக்காமல் லேபல்களைத்தான் சொல்வார். பழைய பழப்பெட்டி லேபல்கள். ஒரு காலத்தில் தோடம்பழம், அதாவது ஒரேஞ்ச், மரப்பெட்டியில் வந்தது. அந்தப் பெட்டியின் முகப்பில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வண்ணப்படம் ஒன்று ஒட்டியிருப்பார்கள். அந்தப் படங்களைத்தான் நான் சேர்க்கிறேன். ரொறன்ரோப் பக்கம் மில்லிக்கனில் இருக்கிற எங்கள் வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன. அவற்றைக் குப்பை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அந்தளவுக்குத் துணிச்சல் இல்லை. "உம்முடைய பேப்பருகள்" என்பார். சொல்லும் தொனியிலேயே குப்பை என்ற சொல்லும் வந்துவிடும்.

இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது இங்கே வந்த புதிதில். முதல் வேலை ஒரு பழ மொத்த வியாபாரியின் குளிரறையில். வந்த பெட்டியைப் பிரித்து, அழுகினதை எறிந்து, நல்லதைத் திரும்ப அடுக்க வேண்டும். இரண்டு சோடி கையுறை போட்டாலும் விரல் விறைக்கும். நாங்கள் பிரித்ததெல்லாம் வெறும் மட்டைப்பெட்டிகள். ஆனால் மேற்பார்வையாளரின் அறைச் சுவரில் பழைய மரப்பெட்டிப் பலகை ஒன்றை அழகுக்கு மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு பச்சைக்கிளி தன்னைவிடப் பெரிய தோடம்பழத்தின் மேல் ஏறி நிற்கும். வேலைக்குக் கையெழுத்து வைக்கப் போகிற நேரமெல்லாம் நான் அதைப் பார்ப்பேன், அதுவும் என்னைப் பார்க்கும். அந்த இடத்தில் என் ஆங்கிலத்தைக் கேட்டு முகம் சுளிக்காத ஒரே சீவன் அதுதான். பிறகு படித்து, காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் கதிரையில் இருந்து செய்கிற வேலை கிடைத்தது. கிளியை விட்டுவிட்டு வந்தது மட்டும் மனதுக்குள் கிடந்தது. முதலாவது லேபலை வாங்கியது அந்த ஏக்கத்தில்தான். பிறகு நிற்பாட்ட முடியவில்லை.

லேபல்களின் சரித்திரத்தை நான் சொல்லத் தொடங்கினால் வீட்டில் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும், ஆகையால் சுருக்கமாகவே சொல்கிறேன். கலிபோர்னியாவில் தோட்டக்காரர்கள் தோடை நட்டார்கள். தங்கள் ஊர்ச் சனம் தின்று முடிக்க முடியாத அளவுக்குக் காய்த்தது. ரயிலில் ஐஸ் கட்டிகளோடு ஏற்றிக் கண்டத்தின் மறுகரைப் பட்டணங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே ஏலத்தில் நிற்கிற வியாபாரிக்குப் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்க்க நேரமில்லை. தூரத்தில் நின்றே இது இன்ன தோட்டத்துப் பழம் என்று கண்டுகொள்ள வேண்டும். அதற்காகத்தான் கிளி, மயில், கப்பல், மலை, வடிவான பொம்பிளை எல்லாம் பெட்டியில் ஏறினார்கள். நிறத்திலும் ஒரு பாஷை இருந்தது. பல இடங்களில் நீலம் என்றால் முதல் தரம், சிவப்பு என்றால் அதற்கடுத்தது. பிறகு மட்டைப்பெட்டி வந்தது. அச்சடித்த லேபல்கள் கட்டுக் கட்டாகப் பழம் பொதி செய்யும் கொட்டகைகளில் தேடுவாரற்றுக் கிடந்தன. தோட்டங்களை வெட்டி வீடுகள் கட்டினார்கள். எங்கள் மில்லிக்கன் வீடுகளும் யாரோ ஒருவரின் வயலுக்கு மேலேதான் நிற்கின்றன. ஆனால் அந்த வயல்காரர் எனக்கென்று ஒரு படமும் விட்டுவிட்டுப் போகவில்லை.

நான் சொல்ல வந்த லேபலை ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பழைய சாமான் சந்தையில் கண்டேன். உடைந்த படச்சட்டங்களுக்கு அடியில் கிடந்தது. ஒரு இளம்பெண். தலையில் நீலச் சால்வை, தோள்வழியே கீழே இறங்குகிறது. தலைக்கு நேர் பின்னால் காலைச் சூரியன் கதிர் விரித்து நிற்கிறது. அதற்குப் பின்னால் மரங்கள், மரம் நிறையத் தோடம்பழங்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் பனி மூடிய மலை. இடது கையில் வெள்ளைத் துணி விரித்த பழக்கூடை. கண்களைத் தாழ்த்திக் கூடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூடைக்குக் கீழே ஆங்கிலக் கொட்டை எழுத்தில் ஊரின் பெயரும் தோடம்பழம் என்ற சொல்லும். அந்தக் கீழ்ப்பகுதிதான் யாரோ வீட்டு பேஸ்மென்றில் தண்ணீர் குடித்துப் பழுப்பேறிப் போயிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து நானே சட்டம் போட்டேன். பழுதான பகுதி தெரியாதபடி உள்ளே ஒரு வெள்ளை மட்டையை வெட்டி வைத்தேன். எழுத்து மறைந்தது, கூடையும் பெரும்பாலும் மறைந்தது. மிச்சம் இருந்தது சால்வையும் சூரியனும் பின்னால் பழமரங்களும் கைவளைவில் கொஞ்சம் வெள்ளைத் துணியும். முன்னறையின் தெற்கு யன்னலுக்குப் பக்கத்தில், வெயில் நேரே விழாத சுவரில் மாட்டினேன். என்னிடம் இருந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். "உது வடிவாத்தான் இருக்கு" என்றார் என் மனுசன். அவரிடமிருந்து அது பெரிய பட்டம்.

நான் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவள். மாதா படத்துக்குக் கீழே இருந்து சோறு தின்று வளர்ந்தவள். அப்படிப்பட்ட எனக்கு மாதாவுக்குப் போர்த்துகிற அதே நீலச் சால்வை ஏன் உறைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு லேபல் தெரியும், அதுதான் காரணம். நீலத்தைக் கண்டவுடன் முதல் தரப் பழம் என்றுதான் என் புத்தி போனது.

அந்த யன்னலடியில்தான் என் தேசி மரமும் நின்றது. ரொறன்ரோவில் எலுமிச்சை இனத்துக்கு என்ன சரித்திரம் என்று யாராவது கேட்டால் எங்கள் தெருவைக் காட்டலாம். தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் யன்னலோரம் சாடியில் ஒரு தேசி நிற்கும். மே மாதம் முடிகிற நேரம் வெளியே தூக்கி வைப்பது, முதல் உறைபனிக்கு முன் உள்ளே தூக்கி வைப்பது. இதற்குள்ளேயே தெருவில் பாதி ஆண்களுக்கு இடுப்பு நாரி பிடித்துவிட்டது. உள்ளே வந்த மரம் கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டும். மிஞ்சிய இலைகளில் செதில்பூச்சி பிடிக்கும். ஒவ்வொரு இலையாகச் சவர்க்காரத் தண்ணீரில் துடைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் மின்வேலை செய்கிற முஸ்லிம் அண்ணை மரத்துக்கு மேலே ஒரு விளக்குப் பூட்டித் தந்தார். கூலி வேண்டாம், முதல் காய் தனக்கு என்றார். அவர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். பூத்தால் அடுத்த வேலை. வின்ரரில் வீட்டுக்குள் தேனீ வராது. நாங்கள்தான் பஞ்சுக்குச்சியால் பூவுக்குப் பூ தொட்டுவிட வேண்டும். நான் அதைச் செய்யத் தொடங்கினால் என் மனுசன் கூச்சப்பட்டு எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவார்.

இனி செபக்குழு. எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் முறை வைத்து வீடு வீடாகக் கூடிச் செபமாலை சொல்வோம். முன்னின்று சொல்பவர் ஊரில் தீவுப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு அம்மா. எனக்கு உறவில்லை, வயதுக்காக அக்கா என்று கூப்பிடுவேன். கணீரென்ற குரல். ஒரு வார்த்தையையும் விழுங்க மாட்டார். மற்றவர்கள் விழுங்கினால் நிற்பாட்டி, முதலிலிருந்து சொல்ல வைப்பார். முழங்கால் நோகிறது என்று கதிரை கேட்டவர்களை ஒரு பார்வை பார்ப்பார், அவர்களுக்கு முழங்கால் சுகமாகிவிடும். எங்களுக்கு அவரில் மரியாதை இருந்தது, பயமும் இருந்தது. சிலருக்கு மரியாதையைவிட மற்றது கூட.

அந்த அக்காவுக்கு ஒரே மகள். கலியாணமாகி ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிப் போனவள். வருடங்கள் போயும் பிள்ளை இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் கடைசி வேண்டுதலாக "என்ர மகளுக்காக" என்பார். அதில் மட்டும் அந்தக் கணீர்க் குரல் கொஞ்சம் இறங்கும்.

எங்கள் வீட்டு முறை ஒரு பெப்ரவரியில் வந்தது. அதற்கு முதல் நாள்தான் தேசி பூத்திருந்தது. வந்தவர்களின் குளிர்ச்சட்டைகளை என் மனுசன் ஒரு பெரிய கதிரையில் மலையாகக் குவித்தார். நடக்க இடம் வேண்டும் என்று கதிரையை அப்படியே தேசி மரத்துக்கு முன்னால் தள்ளிவிட்டார். மரம் மறைந்துபோயிற்று. யன்னல்கள் பூட்டி, ஹீற்றர் ஓடி, அறை நிறையச் சனம். நான் செபமாலையின் கடைசிப் பத்து மணிகளைச் சொல்லத் தொடங்க முன்னமே நழுவி, குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்ப் புகைக்குள் எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை.

திடீரென்று முன்னறையில் செபம் நின்றது. அக்கா ஒருநாளும் நடுவில் நிற்பாட்டுகிறவர் இல்லை. நான் எண்ணெய்க் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். அக்கா என் லேபலுக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். அவருக்குப் பின்னால் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பி இருந்தார்கள்.

"வாசம் வருது" என்றார் அக்கா. "மாதாவின்ர வாசம்."

மாதா வருகிற இடத்தில் பூவாசம் வரும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லோரும். வெளியே இடுப்பளவு பனி. வீட்டுக்குள் பூ ஒன்றும் கண்ணில் படவில்லை. சுவரில் நீலச் சால்வை, தலையில் ஒளி, கையில் வெள்ளைத் துணி. பாலனைத்தான் சுற்றி வைத்திருக்கிறா என்று யாரோ மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் அக்கா கண்ணீரைத் துடைத்தார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. அறையின் மறுபக்கத்திலிருந்து என் மனுசன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார். நான் திரும்பிப் போய் அடுப்பை நிற்பாட்டினேன். ஒரு தட்டு ரோல்ஸ் கருகிப் போயிருந்தது. அன்றைக்கு அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அக்கா வாசலில் நின்றார். உள்ளே வரவும் இல்லை, சப்பாத்தைக் கழற்றவும் இல்லை.

"பிள்ளை, அந்த மாதாவைக் கொஞ்ச நாளைக்குத் தாரும். மகளின்ர வீட்டில வைச்சுச் செபிக்கப் போறன்."

"அக்கா, அது வந்து..."

"எத்தினை டொக்டரிட்டைப் போயாச்சு. எத்தினை கோவிலுக்கு நேந்தாச்சு. இனி எனக்குக் கேக்க ஒரு இடமும் இல்லைப் பிள்ளை."

எனக்குக் கோபம் சட்டென்று வரும், வாயும் நீளம், அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, அது தோடம்பழப் பெட்டியில் ஒட்டுகிற பேப்பர் அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவரிலிருந்து கழற்றி, புதுத் துவாய் ஒன்றில் சுற்றி, அவரது காரின் பின் கதிரையில் கொண்டுபோய் வைத்தேன். சீற் பெல்ற்றும் போட்டுவிட்டேன்.

"குடுத்திட்டீரோ?" என்றார் என் மனுசன்.

"ஓம்."

"என்ன எண்டு சொன்னனீரோ?"

"இல்லை."

"நல்லது."

"என்ன நல்லது? நீங்கள் கதிரையை மரத்துக்கு முன்னால தள்ளினதாலதான் இவ்வளவும்."

அந்த "நல்லது"க்காக அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. சுவரில் ஆணி மட்டும் நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது, அதற்கடியில் கவலையும் இருந்தது. என் கிளிக்குப் பிறகு நான் அவ்வளவு ஆசைப்பட்ட முகம் அவளுடையது.

அந்தக் கோடையில் செய்தி வந்தது. மகளுக்கு விசேசம். எங்கள் சனம் கர்ப்பத்தை அந்தச் சொல்லால்தான் சொல்லும். அக்கா தொலைபேசியில் சொல்லும்போது அவரால் ஒழுங்காக மூச்சு விட முடியவில்லை. நானும் அழுதுவிட்டேன், பொய் சொல்லக்கூடாது. சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். போனை வைத்த பிறகுதான் சுவரில் நின்ற வெறும் ஆணி கண்ணில் பட்டது.

அதற்குப் பிறகு என் லேபலைக் கையில் பிடிக்க முடியவில்லை. படத்தில் தெரிகிற மரங்களைப் பார்த்துத் தோடம்பழ மாதா என்று குழு பெயரும் வைத்துவிட்டது. விசா கிடைக்காதவர்கள், நாரிப்பிடிப்புக்காரர், மகனுக்குப் பெண் தேடுகிறவர்கள் எல்லோரும் அடுத்தது தங்கள் வீட்டுக்கு என்று அக்காவிடம் சொல்லி வைத்தார்கள். பிளாசாவில் மீன் வாங்க நின்ற இடத்தில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அன்ரி, உங்களின்ர மாதா எந்த ஊர் மாதா?"

"கலிபோர்னியா" என்றேன். அது முழு உண்மை.

"அங்கையும் காட்சி குடுத்தவவோ?"

"மீனுக்கு நம்பர் கூப்பிடுறாங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வீட்டில் சொன்னபோது என் மனுசன் வயிறு வலிக்கச் சிரித்தார். "உம்முடைய பேப்பருகளில மிச்சத்தையும் கொண்டுபோய்க் குடும்" என்றார். கிளியைக் கொடுத்தால் எந்தப் புனிதர் என்று கேட்பார்களோ என்று நினைத்து நானும் சிரித்துவிட்டேன்.

மறு வின்ரரில் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு ஒரு மாதம் முடிந்த கையோடு அக்கா போன் எடுத்தார்.

"பிள்ளை, வாற ஞாயிறு மாதாவைக் கோவிலுக்குக் கொண்டு போறன். பூசை முடிய எல்லாருக்கும் முன்னால சாட்சியம் சொல்லி, சுவாமியாரிட்டைக் குடுத்து ஆசீர்வதிப்பிக்க வேணும். நீரும் பக்கத்தில வந்து நிக்க வேணும்."

எங்கள் பங்குக் குருவான சுவாமியார் படித்தவர், எல்லாவற்றையும் கேட்டு அறிகிற பழக்கம் உள்ளவர். எந்த மாதா, யார் வரைந்தது என்று கேட்பார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் புரட்டிப் பார்ப்பார். அந்த வெள்ளை மட்டையை ஒரு விரலளவு நகர்த்தினால் போதும், தோடம்பழம் என்று கொட்டை எழுத்தில் கிடக்கிறது. கோவில் நிறையச் சனத்துக்கு முன்னால் அக்கா பழப்பெட்டி லேபலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். செபத்தை விழுங்கியதற்காக அவரிடம் ஏச்சு வாங்கிய வாய்கள் எல்லாம் அங்கே இருக்கும். அன்றைக்கே கதை ஸ்காபரோ முழுக்கப் போய்விடும். அதற்குப் பிறகு அவர் ஒரு வீட்டிலும் முழந்தாளிட்டு முன்னின்று செபமாலை சொல்ல மாட்டார். அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட்டுப் படத்தையும் கொண்டுவருவது என்று முடிவெடுத்தேன். நாலு சுவருக்குள் நான் சொல்லி அக்கா அழட்டும், ஊர் சொல்லி அழ வேண்டாம்.

"சொன்னாப் பிறகு அக்கா என்ன செய்வா?" என்று கேட்டார் என் மனுசன். சப்பாத்தை வழியில் விட்டிருக்கிறார் என்று அவரை ஏசிவிட்டுக் காரை எடுத்தேன்.

ஸ்ரௌவ்வில்லில் எல்லா வீடும் ஒரே மாதிரி. பனிக்குள் இலக்கமும் தெரியவில்லை. ஒரு தடவை பிழையான வீட்டு மணியை அடித்து மன்னிப்புக் கேட்டுத்தான் சரியான வீட்டைக் கண்டுபிடித்தேன். மகள்தான் கதவைத் திறந்தாள். அக்கா மருமகனோடு பத்தியச் சாமான் வாங்க மில்லிக்கனுக்குப் போயிருக்கிறார் என்றாள். பிள்ளை முன்னறையில் தொட்டிலில் நித்திரை. தொட்டிலுக்கு எதிர்ச்சுவரில் என் லேபல். கீழே பற்றறி மெழுகுதிரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். வெயில் படவில்லை, நிறம் மங்கவில்லை. நல்லபடியாக வைத்திருந்தார்கள். நான் அதை இறக்கி மடியில் கவிழ்த்து வைத்து, கைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். பின்பலகையைக் கழற்றி மட்டையை எடுத்துவிட்டால் எழுத்து தெரியும். எழுத்தைக் கண்டால் நான் அதிகம் கதைக்கத் தேவையில்லை என்பது என் திட்டம்.

"அன்ரி, என்ன செய்யிறீங்கள்?"

மகளிடமாவது முதலில் சொல்வோம் என்று சொன்னேன். இது மாதா இல்லை, பழைய தோடம்பழப் பெட்டியின் லேபல், அன்றைக்கு வந்தது என் தேசிப்பூ வாசம், நாளைக்குக் கோவிலில் அம்மா வெட்கப்படக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் திடுக்கிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தொட்டிலை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐ நோ, அன்ரி."

"என்ன?"

"அம்மா கொண்டுவந்த அண்டைக்கே போனில படம் எடுத்துத் தேடிப் பாத்தனான். இதே படம் ஒன்லைன்ல விக்கிறாங்கள். கீழ பெரிசா ஒரேஞ்சஸ் எண்டு இருக்கு."

"பிறகேன் பிள்ளை அம்மாவுக்குச் சொல்லேல்லை?"

அவள் பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அம்மா எவ்ரி மோர்னிங் கோல் பண்ணுவா, அன்ரி. நான் வேலைக்கு டிரைவ் பண்ணேக்க. சாப்பிட்டியோ எண்டு கேப்பா. ஸ்னோ கொட்டுதோ எண்டு கேப்பா. பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்க மாட்டா. அடுத்தது என்ன வரும் எண்டு எனக்குத் தெரியும். ஏதும் விசேசமோ? ஒவ்வொரு நாளும். இல்லையம்மா, இல்லையம்மா எண்டு சொல்லிச் சொல்லி, பார்க்கிங் லொட்டில இருந்து அழுது முடிச்சிட்டுத்தான் நான் உள்ள போறது. கடைசியில போனில அம்மாவின்ர பேர் வந்தாலே நெஞ்சு இடிக்கத் தொடங்கிட்டுது."

நான் ஸ்குரூ டிரைவரைப் பக்கத்தில் வைத்தேன்.

"இந்தப் படம் வந்தாப் பிறகு அம்மா என்னட்டைக் கேக்கேல்லை. இவவிட்டைக் கேட்டா. வந்து இதுக்கு முன்னால நிண்டு கேப்பா, அழுவா, சண்டை பிடிப்பா. எல்லாம் முடிச்சிட்டுக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு குசினிக்கு வருவா. என்னட்டை வேற கதை கதைப்பா. கறி சமைக்கக் காட்டித் தருவா. எனக்கு என்ர அம்மா திரும்பக் கிடைச்சா, அன்ரி. பேபி வந்திராட்டிலும் இந்தப் படத்தை நான் உங்களுக்குத் திருப்பித் தந்திருக்க மாட்டன்."

எங்கள் சனத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காத பொம்பிளை இல்லை. கலியாணவீட்டில் கேட்போம், செத்தவீட்டிலும் கேட்போம். பாசத்தில்தான் கேட்கிறோம். கேட்டுவிட்டுப் பலகாரம் சாப்பிடப் போய்விடுவோம். அது ஒரு பிள்ளையை ஒவ்வொரு காலையும் காருக்குள் இருத்தி வைத்து அழவைக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் பிள்ளையின் தலையைத் தடவ வேண்டும் போலிருந்தது, தடவினேன்.

"நாளைக்குக் கோவில்?" என்றேன்.

"அதுதான் எனக்கும் பயம். நீங்கள் சொன்னா அம்மா உடைஞ்சு போவா. சொல்லாட்டி அங்க அவமானப்படுவா."

வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மருமகன் பின்னால் சாமான் இறக்க, அக்கா சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வெறும் சுவரைப் பார்த்தார். பிறகு என் மடியைப் பார்த்தார். கையிலிருந்த பை அப்படியே கீழே இறங்கியது.

"என்ன பிள்ளை, திருப்பிக் கொண்டுபோகவோ வந்தனீர்?"

"இல்லை அக்கா" என்றேன். சொல்ல வந்ததெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. லேபல் சேர்க்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த உண்மைகளில் வேறு ஒன்றைத் தேடி எடுத்தேன். "நாளைக்கு வெளியால கொண்டு போறன் எண்டு சொன்னியள். அதுதான் ஓடி வந்தனான். இது கன காலத்துப் பேப்பர். இந்தக் குளிருக்குள்ள எடுத்துக்கொண்டு போய், அங்க ஹீற்றரடியில வைச்சால் சுருங்கி நிறம் வெடிச்சுப் போடும். சனம் கை வைச்சாலும் பழுதாப் போயிடும். பிறகு ஒருத்தராலும் திருத்தேலாது. இது வீட்டுக்குள்ள, இந்தச் சுவரிலேயே இருக்க வேணும்."

"ஒரு நாளும் எடுக்கக் கூடாதோ?"

"கூடாது அக்கா. மற்றவைக்குக் குடுக்கவும் கூடாது."

அக்கா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். சாட்சியம் சொல்வதற்கு அவர் எத்தனை நாளாக வசனம் யோசித்து வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனால் படம் பழுதாகிவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"சரி. அப்ப நன்றியை இஞ்சையே சொல்லுறன். சுவாமியாரிட்டைப் பூசைக்குக் காசு குடுத்தால் போதும்."

படத்தை என் மடியிலிருந்து தானே எடுத்து, கழுத்துச் சால்வையால் கண்ணாடியைத் துடைத்து, ஆணியில் மாட்டினார். கோணலாக நின்றதை விரலால் நிமிர்த்தினார். குளிர்ச்சட்டையும் கழற்றாமல் அப்படியே முன்னால் நின்று, ஒரு வார்த்தையும் விழுங்காமல் நன்றி சொன்னார். அவர் முடித்துவிட்டார் என்று நினைத்தேன். முடிக்கவில்லை. குரலை இறக்கினார்.

"அடுத்தது ஒரு பெடியன் தாரும் தாயே. இவள் களைச்சுப் போனாள், அவசரமில்லை. ஆறுதலாத் தாரும். நான் நெடுகலும் வந்து கேட்பன்."

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்து, எங்கள் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தார்.

"நீ தேத்தண்ணி குடிச்சனியோ?" என்று மட்டும் கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்குரூ டிரைவரைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.